யாகோப்பு அழுத்திய பொத்தான்

கடலுக்குப் போகும் படகுகளில் சிறிய கருவி ஒன்று இருக்கும். ஆபத்தென்றால் அதன் பொத்தானை அழுத்த வேண்டும். குருநகர்க் கரையில் இருக்கும் கணினி அந்த அழைப்பை வாங்கி மீட்புப் படகுக்கு அறிவிக்கும். இதைச் செய்து கொடுத்தவள் அச்சுவேலியைச் சேர்ந்த பொறியியலாளர் மதுரா.

மார்கழியில் ஒரு மத்தியானம் திடீரென்று கடல் கொந்தளித்தது. எல்லாப் படகுகளிலிருந்தும் ஒரேயடியாகத் தகவல்கள் வந்து குவிய, கணினியின் நினைவகம் நிரம்பியது. அப்படி நிரம்பினால், முழுக் கணினியும் விழுந்துவிடாமல் இருக்க, இயங்குதளத்தின் மையமான கேர்னல் அதிக இடம் பிடித்த நிரலைக் கொன்றுவிடும், அதாவது பாதியிலேயே நிறுத்திவிடும். அன்று அது கொன்றது அழைப்புகளை வாங்கும் நிரலை. திரையில் கடல் வரைபடம் வழமைபோலத் தெரிந்ததால், கடமையில் இருந்த கஜானனுக்கு அந்த நிரல் நின்றது விளங்கவில்லை.

அன்று கடலுக்குப் போயிருந்த மீனவர் யாகோப்பின் படகு கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. உடல் கிடைக்கவில்லை. படகிலிருந்த கருவியில், அவர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தியது பதிவாகியிருந்தது.

கணினி தொடங்கும்போது முதலில் எழும் நிரலை எவராலும் கொல்ல முடியாது. கொல்லச் சொல்லி வரும் சைகையைக் கேர்னலே தடுத்துவிடும். அந்தக் காவலை மதுரா அழைப்பு வாங்கும் நிரலுக்கும் எழுதிக் கொடுத்தாள். பிறகு தானே அதைக் கொல்லப் பார்த்தாள். அந்தச் சைகையை எத்தனை தரம் ஏவியும் அது சாகவில்லை. மேசையில் தலைவைத்து அழுதாள்.

யாகோப்பின் மனைவி றீற்றம்மாவிடம் அவள் தனியாகத்தான் போனாள்.

"அவர் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கேல்லையோ, பிள்ளை?"

"கரைக்கு வந்ததக்கா. வாங்கிற நிரலைக் கணினியே நிப்பாட்டிப் போட்டுது. நிப்பாட்டேலாதபடி முதலே செய்திருக்கலாம். நான் யோசிக்கேல்லை."

"இப்ப?"

"இனி நிக்காது."



"கரையிலை ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சிருப்பார், என்ன?"



அடுத்த வாடைக்காற்றுக் காலத்தில் இளம் மீனவன் டினேஸின் படகு கடலில் மாட்டிக்கொண்டது. கணினி திணறியது, வரைபடம் அணைந்தது. ஆனால் அழைப்பு வந்து சேர்ந்தது. மீட்புப் படகு போய் டினேஸை ஏற்றிக்கொண்டு வந்தது.

அவன் கரையில் இறங்கும்வரை றீற்றம்மா அவனுடைய தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை விட்டுவிட்டு வீட்டுப்பக்கம் நடந்தாள். மதுராவும் கூடப் போனாள்.