சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒன்பது விளக்குகள்

பகல் இரண்டு மணிக்கு, யாரும் தொடாமலே, அலமாரியில் இருந்த பச்சைப் பாட்டில் டிக்கென்று இரண்டாகப் பிளந்தது. ரூபீனா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

மந்தைவெளியில் ஒரு கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்து, அவளும் ஜெசிந்தாவும் பழைய பாட்டில்களை அறுத்து விளக்கு, பூச்சாடி என்று செய்து விற்றார்கள். பாட்டிலைச் சுற்றிக் கீறி, வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் மாற்றி மாற்றி ஊற்றினால், கீறிய இடத்தில் கழன்று வந்துவிடும். வெந்நீர் சூடு மிஞ்சினால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே தங்கிவிடும். இப்போது பிளந்தது, செவ்வாய்க்கிழமை அறுத்த பாட்டில். அதே வெந்நீரில் அறுத்த ஒன்பது பாட்டில்களைத்தான் இன்று காலை அபிராமபுரத்தில், சாருலதா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேல் விளக்குகளாக மாட்டிவிட்டு வந்திருந்தாள்.

சாருலதாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. உடைந்த துண்டுகளை அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடி செய்தாள்.

"இப்ப இன்னாத்துக்கு துடிச்சிக்கினு கீற?" என்றாள் ஜெசிந்தா. "ஒண்ணு உடைஞ்சா எல்லாம் உடையுமா? நீயே போய்ச் சொன்னா, அந்தம்மா இனிமே நம்ம பக்கம் தலைவச்சுப் படுக்காது."

"அந்த மேசைலதான்க்கா அவங்க பொண்ணு உக்காந்து கலர் அடிச்சிக்கினு இருந்துச்சு."

மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே ஆட்டோ நகரவில்லை. பாதியில் இறங்கி நடந்தாள். நடை ஓட்டமானது.

சாருலதா கதவைத் திறந்தார். "வாங்கோ, எதையாவது விட்டுட்டுப் போயிட்டேளா?"

விளக்குகளைத் துடைக்க வந்தேன் என்று சொல்லிச் சமாளிக்கத்தான் வழியெல்லாம் நினைத்திருந்தாள். விளக்குகளுக்கு நேர் கீழே சிறுமி அனு பென்சில்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொய் வாயில் வரவில்லை.

"விளக்குல விரிசல் இருக்கலாம்மா. தப்பு எங்களுதுதான். கழட்டிப் பாத்துடறேன்."

சாருலதாவின் முகம் சுண்டியது. "ஏழு மணிக்கு ஆத்துக்குப் பன்னெண்டு பேர் வரா. இப்ப வந்து சொல்றேளே." பிறகு, "அனு, எழுந்து உள்ள போ" என்றார்.

ரூபீனா ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டினாள். நல்ல கண்ணாடி கணீரென்று ஒலிக்கும். மூன்றாவதும் ஏழாவதும் டொக்கென்றன.

"மத்த ஏழும் நன்னாத்தானே இருக்கு? அதுகளாவது இருக்கட்டும்."

"என்னால உறுதியா சொல்ல முடியலம்மா."

எல்லாவற்றையும் கழற்றினாள். மேலே ஒன்பது வெறும் பல்புகள் ஒயரில் ஆடின. அவள் வெளியே வந்ததும் சாருலதா கதவைச் சாத்தினார்.

ஷெட்டில், ஜெசிந்தா முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். விரிசல் இருந்தால் இங்கேயே உடையட்டும் என்று, ஒவ்வொன்றையும் வெந்நீரில் முக்கி, உடனே குளிர்நீரில் முக்கினார்கள். மூன்று உடைந்தன. அதில் ஒன்று, அங்கே சுண்டியபோது கணீரென்று ஒலித்த விளக்கு.

"இதுவும் நல்லாத்தான் சத்தம் குடுத்துச்சா?"

"குடுத்துச்சுக்கா."

ஜெசிந்தா அடுப்பை அணைத்தாள். பிறகு சட்டென்று, "செவ்வாக்கெழமை அறுத்ததுல பாலவாக்கத்துக்கு ரெண்டு பூச்சாடி போயிருக்கு" என்றாள். அவளே முதலில் செருப்பை மாட்டினாள்.

பஸ் அடையாறைத் தாண்டும்போது சாருலதா போன் செய்தார். பின்னால் விருந்தாளிகளின் பேச்சுச் சத்தம்.

"மறுபடி பண்ண எத்தனை நாள் ஆகும்?"

"பத்து நாள்மா."

"சரி, நிதானமாவே பண்ணுங்கோ. ஆனா ஒன்பதும் வேணும்."

ரூபீனா ஜெசிந்தாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவள் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாள். பாலவாக்கம் வர இன்னும் வெகுதூரம் இருந்தது.