எடைக்கு வாங்கிய நாற்காலி

மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஆயிரம் முறை கேட்கும் சொல் "கை குடுங்க." ஆயிரம் என்று குறைத்துத்தான் சொல்கிறேன். உட்காரும்போது தொல்லையில்லை, எழும்போதுதான். அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது அவளுக்கு வேப்பங்காய். வீட்டு நாற்காலிகள் எல்லாமே அவளுக்குத் தாழ்வு. கைப்பிடியோடு உயரமான நாற்காலிக்குக் கடையில் கேட்ட விலையில் யானை கட்டித் தீனி போடலாம்.

"நானே செஞ்சு தர்றேன்" என்றேன்.

"நீங்க செஞ்ச அலமாரி சுவரு தயவுல நிக்குது. சுவரு நகந்தா படுத்துக்கும்."

"நிக்குதுல்ல?"

மரக்கடையில் நீளப் பலகை கன அடிக் கணக்கு. விலையைக் கேட்டதும் என் ஓய்வூதியம் சட்டைப்பைக்குள்ளேயே மயங்கி விழுந்தது. ஆனால் நான் விவரமானவன். அறுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் மலைபோல் ஒரு குவியல்: அறுத்து மிஞ்சிய துண்டுகள், எடைக்கு. நாற்காலியில் நீள மரத்துக்கு என்ன வேலை? முழுப் பலகையை வாங்கித் துண்டு போடுகிறவன் ஏமாளி. துண்டாகவே வாங்குகிறவன் மேதை.

"சார், அது அடுப்புக்குப் போறது" என்றார் கடைக்காரர்.

"அடுப்புக்குப் போனா விறகு, என்கூட வந்தா நாற்காலி. அதோட நல்ல நேரத்தை நீங்க ஏன் தடுக்கறீங்க?"

"நான் எங்க தடுத்தேன்? தராசுல வைங்க."

தேக்கு, மா, வேங்கை, பேர் தெரியாத ஒன்று என்று பொறுக்கினேன். முனைகளில் சிவப்புச் சாயம் பூசியிருந்தவற்றையே தேடித் தேடி எடுத்தேன். உயர்ந்த சரக்குக்கு வைக்கிற முத்திரை என்று நினைப்பு. வீட்டில் ரம்பம் வைத்த பிறகு கடைக்காரரைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது காயும் மரம் முனையில் வெடிக்காமலிருக்கப் பூசுவதாம். என் துண்டுகளில் சாயத்துக்கு முன்பே விரிசல் வந்து குடியேறியிருந்தது. இரு முனையிலும் வெட்டித் தள்ள வேண்டியதாயிற்று. போட்ட அளவு போச்சு. கால்கள் குட்டையாகிவிட்டன.

கொஞ்சம்தானே என்று அப்படியே பூட்டி முடித்தேன். பார்வைக்கு அரியணை. உட்கார்ந்தாள்.

"கைப்பிடி வழவழன்னு நல்லாருக்குங்க" என்று தடவிப் பார்த்தாள். பிறகு அதை அழுத்தி எழப் பார்த்தாள். பாதி எழுந்தாள், உட்கார்ந்துவிட்டாள். மறுபடி ஒருமுறை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கை குடுங்க" என்றாள், மெதுவாக.

திட்டியிருந்தால் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

மறுநாள் காலை நாற்காலியைக் கவிழ்த்தேன். வாங்கி வந்ததில் மிஞ்சிய துண்டுகளில் விரிசல் இல்லாத நான்கு கட்டைகளை அறுத்துக் காலுக்கு ஒன்றாகப் பசை தடவித் திருகாணி போட்டு முடுக்கினேன். ஒவ்வொன்றும் ஒரு மரம், ஒரு நிறம்.

"என்னங்க, நாலு காலுக்கும் நாலு செருப்பு?"

"ஜோடி கெடைக்கல."

பசை காய்ந்ததும் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, எந்தக் கால் தூக்கி நிற்கிறது என்று பார்க்கத் தரையில் கன்னம் பதியப் படுத்தேன்.

"ஆடுதா?"

"ஆடல."

"எழுந்திரு."

அங்கிருந்து அவள் பாதங்கள் மட்டுமே தெரிந்தன. பின்னுக்கு வந்தன. விரல்கள் விரிந்தன, குதிகால் அழுந்தியது. நாற்காலி ஒரு முனகல் முனகியது. உலகத்துக் கடிகாரங்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டன. அந்தச் சொல் வரவேயில்லை.

"எழுந்துட்டேங்க."

"பாத்தேன். குதிகாலே சொல்லிடுச்சு."

திரும்ப உட்கார்ந்தாள், எழுந்தாள். இன்னொரு முறையும். நானும் எழப் பார்த்தேன். இடுப்பு ஒத்துழைக்க மறுத்தது. ஒருக்களித்தேன், ஒரு முழங்காலை ஊன்றினேன், பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

"என்ன, அங்கேயே குடித்தனமா?"

"தரை மட்டமா இருக்கான்னு பாக்கறேன்."

"பாத்து முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"அப்போ கேளுங்க."

"எதை?"

"நான் தெனம் கேட்டதை."

"கை குடு" என்றேன்.

ஒரு கையால் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு மறு கையை நீட்டினாள். நாலு செருப்பும் அசையவில்லை. நான் எழுந்து நின்ற பிறகும் அவள் கையை விடவில்லை. நானும் விடச் சொல்லிக் கேட்கவில்லை.