இன்னும் கொஞ்சம் உயரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் மீதி புரியாது.

எனக்கு வேலை பல் லேபில். டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல்செட் செய்து திருப்பி அனுப்புவோம். நாங்கள் என்றால் மாஸ்டரும் நானும்தான். லேப் அவருடையது, உழைப்பு பெரும்பாலும் என்னுடையது. மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை, ஒற்றை ஜன்னல், நீளமாக ஒரு மேசை, அலமாரி முழுக்க வெள்ளை மாவில் வார்த்த, யார் யாருடையதோ வாய்கள். புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு நிமிடம் பேச்சு வராது.

தாத்தாவுக்கு மட்டும் அங்கேதான் பேச்சு வரும். அப்பாவின் அப்பா, எண்பத்தாறு வயது. அவருடைய பல்செட் நான் செய்தது. கொடுத்த மறுவாரமே வந்து நின்றார். "பாப்பா, கீழ்வரிசையில வலது கடைவாய்ப் பல்லு கொஞ்சம் உயரமா இருக்கு." எனக்கு வயது முப்பத்தொன்று. அவருக்கு நான் பாப்பா.

உயரம் பார்க்க எங்களிடம் நீலத்தாள் உண்டு. பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்தால் இடிக்கிற இடத்தில் நீலப்புள்ளி விழும். அந்த இடத்தை மெஷினில் தேய்த்துவிட்டால் முடிந்தது. ஒரு தடவை கடியுங்கள் என்றால் தாத்தா டக், டக், டக் என்று மூன்று தடவை கடிப்பார். தேய்த்துக் கொடுப்பேன். அடுத்த வியாழக்கிழமை மறுபடி வருவார். "இன்னும் கொஞ்சம் உயரம்."

மூன்றாவது தடவைக்குப் பிறகு நான் தேய்ப்பதையே விட்டுவிட்டேன். மெஷினை ஓடவிட்டு, பல்லில் படாமல் காற்றிலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, துடைத்துக் கொடுத்துவிடுவேன். சந்தேகப் பேர்வழிகளுக்கு எங்கள் தொழிலில் இதுதான் வைத்தியம். "ஆ, இப்போ தேவலை" என்பார். ஆனாலும் எழுந்திருக்க மாட்டார். ஸ்டூலை என் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதில் ஆரம்பித்து அரைமணி நேரம் என் தலையைத் தின்பார். அவர் போனதும் தரையைக் கூட்டுவதற்காக ஸ்டூலை மேசைமேல் கவிழ்ப்பேன். அடுத்த வியாழன்தான் அது கீழே இறங்கும்.

பதினோராவது தடவை வந்தபோது பொறுமை போய்விட்டது. நாற்பது செட் தேங்கிக் கிடந்த வாரம். "தாத்தா, உங்க பல்லுக்கு ஒரு கேடும் இல்ல. உங்களுக்குத்தான் வேற வேலை இல்ல. கழட்டி வெச்சுட்டுப் போங்க, சனிக்கிழமை தரேன்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன். கழற்றிக் கொடுத்தார். சிரித்தார் என்று நினைக்கிறேன். கையால் வாயை மூடிக்கொண்டதில் சரியாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், பெரியப்பா வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

பல்செட் இல்லாமல் தாத்தா கதவைக்கூடத் திறக்க மாட்டார். தபால்காரர் கூப்பிட்டாலும் "இருப்பா" என்று உள்ளே போய் மாட்டிக்கொண்டுதான் வருவார். அப்பேர்ப்பட்டவரைக் கூடம் நிறைய ஆட்களுக்கு நடுவே, கன்னம் குழிந்து, உதடு உள்ளே மடிந்துகிடக்கப் படுக்க வைத்திருந்தார்கள். யாரோ ஒரு கிழவர். அழக்கூட வரவில்லை எனக்கு. அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "பல்செட் எங்கடி?" என்றாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

லேபுக்குப் பதினைந்து நிமிடம்தான். கிளம்பியவளைப் பெரியப்பா தடுத்துவிட்டார். "வேணாம்மா. வாய் இறுகிப்போச்சு. இனி மாட்ட முடியாது."

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன். வாய் மாதிரி திறந்து மூடுகிற ஓர் இரும்புக் கருவி உண்டு. தாடை என்போம். தாத்தாவின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் அதில் மாட்டியபடி, வியாழக்கிழமை நான் விட்டுப்போன இடத்தில் இருந்தன. இந்த ஒரு வேலையையாவது ஒழுங்காக முடித்து, அவர் வாயால் 'சரியா இருக்கு' என்று கேட்க வேண்டும் என்று வெறி வந்தது. செத்தவர் எப்படிச் சொல்வார் என்று கேட்காதீர்கள். அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது. நீலத்தாள் வைத்துத் தட்டினேன், வலது கடைவாய்ப் பல்லில் புள்ளி விழுந்தது, இந்தத் தடவை நிஜமாகவே தேய்த்தேன். மறுபடி தட்டியபோது புள்ளி விழவில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனேன்.

புதன்கிழமை காலை அதே பல்லில் நீலப்புள்ளி.

நேற்று சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தேய்த்தேன். வியாழன் காலை புள்ளியும் இருந்தது, பக்கத்தில் ஒரு நீலத்தாளும் கிடந்தது. எடுத்தால் விரலில் ஈரம் ஒட்டியது. மாஸ்டரிடம் இன்னொரு சாவி உண்டு. அவர் வந்ததும் வராததுமாகப் பாய்ந்தேன்.

"என் மேசையில கை வெச்சீங்களா?"

"உன் மேசையில கை வெச்சுட்டு நான் உசிரோட இருக்கவா?" என்றார்.

அன்று மாலை தாடையோடு சேர்த்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதற்கு ஒரே சாவி, அது என் பையில். வெள்ளிக்கிழமை காலை திறந்தபோது நீலத்தாள் பல்லுக்கு நடுவிலேயே இருந்தது. ஈரமாக. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மூன்று தடங்கள், ஒன்றின்மேல் ஒன்று, ஆனால் மயிரிழை தள்ளித் தள்ளி. இரும்புத் தாடை ஆயிரம் தடவை மூடினாலும் ஒரே இடத்தில்தான் இடிக்கும். அப்படி நகர்ந்து நகர்ந்து கடிப்பது உயிருள்ள வாய் மட்டும்தான். அதுவும் ஒரு தடவை கடி என்றால் மூன்று தடவை கடிக்கிற வாய்.

ஓடியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்து தேய்த்தேன்.

சனி, திங்கள், செவ்வாய் என்று தினமும் காலையில் புள்ளி, மாலையில் தேய்ப்பு. பல் அப்பளமாகிவிட்டது. இன்னும் ஒரு தேய்ப்பில் அடியிலிருக்கும் ஈறு நிறம் வெளியே வந்துவிடும். அவர் கேட்கிறபடி தேய்த்தால், அவருடையது என்று என்னிடம் மிச்சமிருக்கும் ஒன்று கெட்டுப்போகும். நிறுத்தினால் அவர் என்னை மன்னிக்காமலே போனதாகிவிடும். இரண்டும் முடியாமல் புதன்கிழமை மெஷினைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, பல்லையே காணோம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு நாள் நீ டெலிவரிக்குப் போயிருந்தப்போ உங்க தாத்தா வந்தார். நான் தேய்ச்சுத் தரேன்னேன். 'வேணாம் மாஸ்டர், அது முதல் நாளே சரியாத்தான் இருந்துச்சு. அவ காத்துல மெஷின் ஓட்டுறதும் எனக்குத் தெரியும்'னார்."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் வந்து என் உயிரை வாங்கினார்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'சும்மா வந்தா பாப்பா வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிடுறா. பல்லுன்னு சொன்னா உக்கார வெக்கிறா'ன்னார். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்மா."

பல்செட் செய்வதற்கு முன்னால் அவர் இரண்டு தடவை லேபுக்கு வந்திருக்கிறார். "என்ன தாத்தா, என்ன விஷயம்?" "சும்மாதான் பாப்பா." "சும்மாவா? எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு." இரண்டு தடவையும் அவ்வளவுதான். கொளுத்துகிற வெயிலில் அப்படியே திரும்பிப் போனார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாலையில் மாஸ்டர் கிளம்பிய பிறகு மெஷினைப் போட்டேன். பல்லில் படாமல், காற்றில், இரண்டு சுற்று. நிறுத்திவிட்டு, ஆளில்லாத அறையில் சத்தமாகவே சொன்னேன். "தாத்தா, இனிமே இதைத் தேய்க்க மாட்டேன். பல்லு சரியா இருக்கு, செஞ்ச நான்தான் சரியில்ல. உயரம் அது இதுன்னு ஒரு சாக்கும் வேணாம். சும்மா வாங்க." இறந்த அன்று வராத அழுகை அத்தனையும் அப்போது வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, தரையைக் கூட்டி, பல்லுக்கு நடுவே ஒரு புதுத் தாளை வைத்து அலமாரியில் பூட்டினேன். அவர் கடைசியாக வந்துபோன வியாழனிலிருந்து தரையிலேயே கிடந்த ஸ்டூலை மேசைமேல் கவிழ்த்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. கதவைத் திறந்து நேராக அலமாரிக்குப் போனேன். தாள் காய்ந்து கிடந்தது. ஒரு தடம்கூட இல்லை. பல் வெள்ளையாக இருந்தது. அப்பாடா என்றிருக்க வேண்டும். எனக்கு வீடே காலியானது போலிருந்தது. இவ்வளவுதானா தாத்தா என்று திரும்பினேன்.

ஸ்டூல் தரையில் இருந்தது. என் நாற்காலிக்குப் பக்கத்தில், முட்டி இடிக்கிற தூரத்தில், அவர் இழுத்துப் போடுகிற அதே கோணத்தில். கூட்டிய தரையில் இழுத்த தடம் இல்லை.

பயமாகத்தான் இருந்தது. கதவு திறந்தேதான் கிடந்தது, ஓடியிருக்கலாம். போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வாங்க தாத்தா" என்றேன். "எதிர்வீட்டுத் தொட்டி என்னாச்சு?"

பதில் வராது என்று தெரியும். அதனால் நானே பேசினேன். அம்மாவின் முட்டிவலி, அத்தை என்னிடம் பேசாமலிருப்பது, எனக்கு வந்திருக்கிற முதல் நரை என்று அவர் இருந்தவரை நான் சொல்லாத உப்புச்சப்பில்லாத சங்கதிகளையெல்லாம் அரைமணி நேரம் சொன்னேன். நாற்பது செட் அப்படியே கிடந்தன. மாஸ்டர் வந்தவர் ஸ்டூலில் பையை வைக்கப் போனார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையைத் தரையில் வைத்தார்.

மாலையில் ஸ்டூலைக் கவிழ்த்துவிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை காலை அது கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. நானே அதை இறக்கி, என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, மெஷினைப் போட்டேன்.