பதினோராவது நாள் வாடல்

விருது மேடையில் தாவர ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் பேசி முடித்ததும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் மற்றவர்களைவிடப் பலமாகக் கைதட்டினாள்.

அவர் பேசியது முழுக்க அவளுடைய நாலு வருட உழைப்பு. தக்காளிச் செடியை வாடல் நோய்க் கிருமி எப்படி ஏமாற்றுகிறது என்று கண்டுபிடித்தவள் அவள். வேர் வழியாகக் கிருமி நுழைந்ததுமே செடி உஷாராகி எதிர்க்கத் தொடங்கும். உடனே அந்தக் கிருமி, ஊசி மாதிரி ஒரு குழாயைச் செடியின் செல்லுக்குள் செருகிச் சில புரதங்களை இறக்கும். எதிர்ப்பு அப்படியே அமுங்கிவிடும். பிறகு தண்ணீர் ஏறும் பாதையெல்லாம் கிருமிதான். இலை பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கிப்போகும்.

அந்தப் புரதங்களில் ஒன்றை மட்டும் அடையாளம் கண்டு விழித்துக்கொள்ளும் ஒரு காட்டுத் தக்காளியைத் தேடிப் பிடித்து, புது ரகம் உருவாக்கியதும் அவள்தான். கட்டுரை வெளிவந்தபோது இயக்குநர் பெயர் முதலில் இருந்தது. அவள் பெயர், கடைசியில் நன்றி சொல்லும் வரியில்.

"நேரா போய்க் கேளேன்டி," என்றாள் அக்கா, தையல் மெஷினை நிறுத்திவிட்டு.

"கேட்டேன்க்கா. உனக்கு வயசு இருக்கு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு சிரிக்கிறார்."

"அப்போ சும்மா விட்டுடப் போறியா?"

"விடவா? அவரே வந்து மாட்டுவார் பாரு."

அவள் வெறுமனே சொல்லவில்லை. சில வயல்களில் இருந்த கிருமியிடம் அந்த ஒரு புரதம் இல்லை என்பதையும் அவள் கண்டிருந்தாள். புது ரகத்துக்கு அந்தக் கிருமியை அடையாளமே தெரியாது. இரண்டு வருடம் முன்பு, அறிக்கையில் அதை எழுதிய பக்கத்தை இயக்குநர் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார். "இதைப் போட்டா விதையை எவன் தொடுவான்?" இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை.

விதையை வெளியிடுவதற்கு முன், ஒப்புதல் குழு கடைசிச் சோதனை ஒன்று கேட்டது.

"நம்மகிட்ட இருக்கறதுலயே கொடூரமான கிருமியாப் பார்த்து ஊத்தும்மா. எல்லார் வாயையும் அடைச்சிடலாம்," என்றார் இயக்குநர்.

"வயல்ல எடுத்த கிருமிய ஊத்தட்டுமா சார்?"

"எதையாவது ஊத்து."

"எழுதிக் கொடுத்திடுங்க சார்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எந்த வயல், எந்தக் கிருமி என்று அதே தாளில் இருந்தது. படிக்கவில்லை.

கிருமியை ஊற்றிய பதினோராவது நாள் குழுவினர் மூவரும் பசுமைக்குடிலின் கதவைத் திறந்தார்கள். நாற்பது செடியும் தலை தொங்கிக் கிடந்தன.

"தண்ணி ஊத்தாம விட்டுட்டாங்க போல," என்று இயக்குநர் முந்திக்கொண்டார்.

குழுத் தலைவி ஒரு தண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்தார். வெட்டிய முனையிலிருந்து வெள்ளையாக நூல் நூலாக இறங்கியது. "தண்ணிக் குறை இல்லைங்க. கிருமி."

"என்னத்தைப் போட்டுத் தொலைச்சே?" என்று அவர் அவள் பக்கம் பாய்ந்தார்.

"நீங்க கையெழுத்துப் போட்டதைத்தான் சார்." அடித்த பக்கத்தையும் இரண்டு மின்னஞ்சலையும் தலைவியின் கையில் கொடுத்தாள்.

தலைவி நிதானமாகப் படித்தார். "ரெண்டு வருஷமாத் தெரிஞ்சிருக்கு. ஏன் மறைச்சீங்க?"

இயக்குநர் அவளைப் பார்த்தார். முதல் தடவையாகக் கெஞ்சுகிற பார்வை. "நீ கொஞ்சம் விளக்கிச் சொல்லும்மா."

"கட்டுரையை எழுதினவங்கள்ல என் பேரே இல்லையே சார். நீங்களே சொல்லுங்க."

ரகம் நிறுத்தப்பட்டது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இரண்டே மாதத்தில் அவர் அறையைக் காலி செய்தார்.

"கொஞ்சம்கூடப் பாவமா இல்லையாடி?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. அவர் முகம் போன போக்கை இன்னொரு தடவை பார்க்கணும்போல இருக்கு."

ஆனால் அந்த நாற்பது செடிகளையும் கிருமி பரவாமல் இருக்க நீராவியில் வேகவைத்து அழித்தவளும் அவள்தான். விதையிலிருந்து அவள் வளர்த்தவை. கையுறையோடு ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது அழுதாள். அந்த அழுகையையும் அவர் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.