ஆறாயிரம் யானைக் கண்கள்

துணி யானையின் கண்ணில் மாட்டிய கொக்கியிலிருந்து ஒன்பது லிட்டர் தண்ணீர் கேன் தொங்கியது. பேராச்சி வாய்விட்டு எண்ணினாள். நாலு என்று சொல்லும்போதே கண் பிய்ந்தது. கேன் தரையில் விழுந்து, தையல் மெஷின்களின் காலடியெல்லாம் தண்ணீர் ஓடியது.

"பத்து வரைக்கும் நிக்கணும். நாலுலயே போயிட்டு," என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்த ஞானதுரை கால்களைத் தூக்கிக்கொண்டார். மாட்டுங்காவில் பரிசுப் பொருள் மொத்த வியாபாரம் செய்பவர். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர். தாராவியில் எட்டுப் பெண்களை வைத்து அவள் நடத்தும் பொம்மைப் பட்டறைக்குப் பாதி வேலை அவர் மூலம்தான் வந்தது.

"ஒரு பொம்மைய வச்சு முடிவு பண்ணாத, பேராச்சி."

"இது ஏழாவது, அண்ணாச்சி."

செம்பூரில் பால்வாடிகள் நடத்தும் அறக்கட்டளை ஒன்று, புதிதாகச் சேரும் குழந்தைகளுக்குக் கொடுக்க மூவாயிரம் யானைகள் கேட்டிருந்தது. சாம்பிள் யானை பரிசோதனையில் தேறிவிட்டது. அதன் கண்கள் துணிக்குப் பின்னால் வளையம் போட்டுப் பூட்டியவை. அந்தக் கண் வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். சரக்கைப் பன்னிரண்டு நாளில் கொடுத்தாக வேண்டும். அதனால் ஞானதுரை பசையில் ஒட்டும் கண்களை ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

"ரிப்போர்ட் கையில இருக்கு. இனி எவன் வந்து மூவாயிரத்தையும் தொங்கவிட்டுப் பாக்கப் போறான்?"

"நான் பாப்பேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பேராச்சி எப்போதும் இப்படி இருந்தவள் அல்ல. அரசின் தர முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக்கூடாது என்று சட்டம் வந்தபோது வாய்க்கு வந்தபடி திட்டியவள் அவள். அதற்கு முன்பு பதினோரு வருடம் குர்லா ஸ்டேஷன் வாசலில் விற்பவர்களுக்குக் கரடியும் முயலும் தைத்துக் கொடுத்திருந்தாள். முதல்முறை பரிசோதனைக்குக் கொடுத்த முயல் தேறாமல் போனதும் நெருள் பக்கத்திலிருந்த அந்த லேபுக்கே போய்ச் சண்டை போட்டாள். அங்கே வேலை பார்த்த சஃப்ரீன் முயலிலிருந்து பிய்ந்த கண்ணை எடுத்து, மேஜைமேல் இருந்த ஒரு சின்ன எஃகுக் குழாய்க்குள் போட்டாள். அது டக்கென்று அடியில் போய் உட்கார்ந்தது.

"மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தையோட தொண்டைன்னு வச்சுக்குங்க," என்றாள் இந்தியில். "இதுக்குள்ள போறது அங்கேயும் போகும்."

திரும்பி வரும் ரயிலில் பேராச்சி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் எத்தனை கண்கள். ஒருவரும் வந்து குறை சொன்னதில்லை. ஆனால் ஸ்டேஷன் வாசலில் வாங்கிப் போனவர்கள் குறை சொல்ல யாரைத் தேடி வருவார்கள்? அதன் பிறகு உரிமம் வாங்கப் பதினான்கு மாதம் அலைந்தாள். பட்டறையின் பெயருக்கென்று ஓர் எண் கிடைத்தது. அவள் தைக்கும் ஒவ்வொரு பொம்மையின் லேபிளிலும் முத்திரையோடு அந்த எண் இருக்கும்.

"அப்போ வேலைய வேற எடத்துல குடுக்க வேண்டியிருக்கும்," என்றார் ஞானதுரை.

"குடுங்க. எங்க நம்பர் போட்டு லேபிள் அடிக்கக் குடுத்தீங்களே, அது?"

"பிரஸ்ல கெடக்கு. கேன்சல் பண்ணிருதேன்."

கண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் காலையில், பட்டறையில் தைக்கும் எட்டுப் பேரில் ஒருத்தியான விஜயலட்சுமி ஒரு யானையோடு வந்தாள். அவள் சுனாபட்டியில் குடியிருப்பவள். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி குர்லாவில் ஒரு பட்டறையில் தைக்கப் போகிறாள். கோணலாகப் போன ஒரு யானையை அவள் தன் பிள்ளைக்கு என்று வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறாள்.

"அக்கா, இது நம்ம நம்பர்லா?"

பேராச்சி லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய எண்தான். காதை ஒற்றைத் தையலில் ஓட்டியிருந்தார்கள். கண்ணை விரலால் தொட்டாள், ஆடியது.

அங்கேயே நின்று ஞானதுரைக்குப் போன் போட்டாள். அவர் மறுக்கவில்லை.

"ஒனக்கு இதுல என்ன கொறஞ்சு போச்சு? பேசாம இரு. நீ போயி எழுதிக் குடுத்தா மொதல்ல ஒன் லைசென்ஸத்தான் நிறுத்துவான், என்னைய இல்ல. யோசிச்சுக்கோ."

போனை வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே பெண்களிடம் சொன்னாள். மெஷின்கள் நின்றன.

"அவரு சொல்லுதது நெசந்தான்," என்றாள் பேராச்சி. "விசாரணை முடியுற வரைக்கும் முத்திரை போட விடமாட்டாங்க. முத்திரை இல்லன்னா வேலை இல்ல. ஒங்க எட்டுப் பேரையும் கேக்காம நான் போகல."

விஜயலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரிலும் மூத்தவளான அம்மிணிதான் பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

"நாம தைக்காத மாலுக்கு நாம ஏன் பதில் சொல்லணும்? நாளைக்கு ஒரு புள்ளை விழுங்கிட்டுன்னா போலீஸு இந்த நம்பரப் பாத்துத்தான் வரும். போயிட்டு வா."

அன்றைக்கே முத்திரை கொடுக்கும் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை செம்பூரில் அறக்கட்டளையின் அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் டெம்போ நின்றது. யானை மூட்டைகளைக் கூடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கொள்முதலைக் கவனிக்கும் ஸ்ரீதேவி கையில் காகிதங்களோடு நின்றாள். பக்கத்தில் ஞானதுரை.

பேராச்சி தான் யார் என்று சொன்னாள். புகாரின் நகலைக் கொடுத்தாள். ஸ்ரீதேவி அதையும் ஒரு யானையின் லேபிளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரிப்போர்ட் சரியா இருக்கு. லேபிள்ல இருக்கிறது உங்க நம்பர்தானே?"

"நம்பர் என்னுது. யானை என்னுது இல்ல."

"ஆர்டர் கைய விட்டுப் போன வயித்தெரிச்சல், மேடம்," என்ற ஞானதுரை, பேராச்சியின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஊர்க்காரிங்கிற மரியாதைக்குச் சொல்லுதேன். போயிரு."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "அந்த மரியாதைக்குத்தான் மொதல்ல ஒங்களுக்குப் போன் போட்டேன், அண்ணாச்சி."

பிறகு ஸ்ரீதேவியிடம் திரும்பினாள். "நான் எதையும் தொடல. நீங்களே ஒரு மூட்டையப் பிரிங்க. நீங்களே ஒரு யானைய எடுங்க. ரெண்டு வெரலால கண்ணப் புடிச்சு இழுங்க. போதும்."

ஸ்ரீதேவி தயங்கினாள். பிறகு ஓரத்திலிருந்த மூட்டையைப் பிரித்து ஒன்றை எடுத்து இழுத்தாள். கண் கையோடு வந்தது. வேறொரு மூட்டையிலிருந்து இரண்டாவது. அதுவும் வந்தது. மூன்றாவதில் கண்ணோடு பசைக் கட்டியும் சேர்ந்து வந்தது. நாலாவது யானையின் கண் எவ்வளவு இழுத்தும் வரவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் ஞானதுரை.

"நாலுல ஒண்ணு நிக்குது," என்றாள் பேராச்சி. "மத்த மூணையும் எந்தப் புள்ளை கையில குடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். ஸ்ரீதேவி உள்ளங்கையிலிருந்த மூன்று கறுப்புக் கண்களைப் பார்த்தபடி இருந்தாள். அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மூட்டையெல்லாம் திரும்ப ஏத்தச் சொல்லுங்க, சார். இந்த மூணும் எங்கிட்டயே இருக்கட்டும். விசாரணைக்கு வேணும்."

அந்த வருடம் பால்வாடிக் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் கொடுத்தார்கள்.

ஞானதுரை சொன்னதும் பொய்யாகவில்லை. அதிகாரி ஒருவர் பட்டறைக்கு வந்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார், பதிவேடுகளை எடுத்துப் போனார், மறு உத்தரவு வரும்வரை முத்திரை போடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ஏழு வாரம் ஷட்டர் மூடிக் கிடந்தது. பெண்கள் சட்டைக்குப் பட்டன் கட்டும் வேலைக்குச் சிதறிப் போனார்கள். மாட்டுங்கா வியாபாரிகளில் இருவர், ஊர்க்காரனையே காட்டிக்கொடுத்தவள் என்று சொல்லி வேலை தருவதை நிறுத்தினார்கள். சில நாள் காலையில் எழுந்ததும் அவள் பூட்டிய ஷட்டர் வரை நடந்து போய்த் திரும்பினாள். ஆனால் புகாரை எழுதியிருக்க வேண்டாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எட்டாவது வாரம் உத்தரவு வந்தது. அவள் பட்டறையின் மேல் தவறில்லை, முத்திரை போட்டுக்கொள்ளலாம். ஞானதுரையின் மேல் தனியாக வழக்கு நடந்தது.

அதன் பிறகு ஒருநாள் மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் அவர் எதிரே வந்தார். பேராச்சியின் தோளில் பஞ்சு மூட்டை. இருவரும் ஒதுங்க இடமில்லாமல் நின்றார்கள்.

"ஒன்னால என் பேரு கெட்டுப் போச்சு," என்றார்.

"நீங்க எடுத்தது என் நம்பரு. ஒங்க பேர நான் தொடல."

"நம்மாளுகளுக்குள்ள பேசி முடிச்சிருக்கலாம். இனி ஒருத்தன் இப்படிச் செஞ்சாலும் இதே மாதிரித்தான் போயி நிப்பியா?"

"நிப்பேன், அண்ணாச்சி. கொஞ்சம் வழி விடுங்க, பின்னால ஆளு வருது."

அவர் கம்பியோடு ஒட்டி நின்று வழி விட்டார்.

பட்டறைக்கு ஐந்து பேர்தான் திரும்பி வந்திருந்தார்கள். அம்மிணியும் விஜயலட்சுமியும் அவர்களில் இருந்தார்கள். மூன்று மெஷின்கள் போர்த்தியபடியே கிடந்தன. பேராச்சி மூட்டையை இறக்கி வைத்தாள், ஒரு மெஷின் மேலிருந்த துணியை உதறி எடுத்தாள், ஊசியில் நூல் கோத்துத் தைக்க உட்கார்ந்தாள்.