வளர்ப்புப் புழுக்கள்

தெருவுக்கே அவர் கொசுக்காரர். வீடு வீடாக ஏறி, தொட்டி, வாளி, பூந்தொட்டித் தட்டு என்று எட்டிப் பார்த்து, தேங்கின தண்ணீரில்தான் டெங்குக் கொசு பிறக்கும் என்று சொல்வதற்குச் சம்பளம். வெறும் வாயால் சொன்னால் எவனும் மதிப்பதில்லை. நெளியும் புழுவோடு ஒரு பாட்டிலை மூக்குக்கு நேரே நீட்டினால் மட்டும் அலறிக்கொண்டு வாளியைக் கழுவுவார்கள். செத்த புழுவுக்கு அந்த மரியாதை கிடையாது.

அதனால் வீட்டு ஹாலில், ஃப்ரிட்ஜ் மேல், பெரிய ஜாடியில் புழு வளர்த்தார். வாயில் வலைத்துணி, ரப்பர் பேண்ட். தீனி போடுவது மனைவி. "உங்க ஆபீஸ்காரங்க சாப்பிட்டாச்சு" என்று ரொட்டித்தூளைத் தட்டிவிட்டுச் சிரிப்பாள். தினமும் ரப்பரைக் கழற்றி மாட்ட அலுப்பாயிருக்கிறது என்றதும், வலையில் விரல் நுழைகிற அளவு ஓட்டை போட்டுக்கொடுத்தவரும் அவரேதான்.

வெளியூரிலிருந்து மச்சான் காய்ச்சலோடு வந்து, அதே ஹாலில், ஃப்ரிட்ஜை ஒட்டிய சோபாவில் சுருண்டு கிடந்து, தேறிப் போனான். அவன் போன கொஞ்ச நாளில் அவளுக்கு அனலாய்க் காய்ந்தது. இப்போது ஆஸ்பத்திரியில். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

நோயாளி வீட்டைச் சோதனை போடுவது விதி. மேற்பார்வை மேடமும், புகை மெஷின் தூக்குவதால் 'புகை' என்றே பேராகிப்போனவனும் வந்தார்கள்.

"உங்க வீட்டுக்கே வரவேண்டியதாப் போச்சேண்ணே" என்றான் புகை.

தொட்டி மூடியிருந்தது. ஃப்ரிட்ஜ் பின்தட்டு காய்ந்திருந்தது. மேடம் பாராட்ட வாயெடுத்தவர், ஜாடியைப் பார்த்து நின்றுவிட்டார். தண்ணீர் மேல், கொசு கழற்றிவிட்டுப் போன காலித் தோல்கள் மிதந்தன. மேடத்தின் கண்கள் வலை ஓட்டைக்குப் போயின. பிறகு அதன் கீழே, மச்சான் படுத்திருந்த சோபாவுக்கு.

"ஸ்டாஃபெல்லாம் பறந்துட்டாங்க போல" என்ற புகை, யாரும் சிரிக்காததால் இருமினான்.

"மேடம், அவளுக்கு இதுலேர்ந்துதான்..." என்று ஆரம்பித்தார் கொசுக்காரர்.

"வாயை மூடுய்யா. இது தெரிஞ்சா நாளைக்கு எவன் நமக்குக் கதவைத் திறப்பான்? நாங்க போனதும் கொட்டிடு."

பக்கத்து வீடு தையல்காரருடையது. இஸ்திரி போடத் தெளிக்கும் தண்ணீர் ஒரு மக்கில் இருந்தது, காலையில்தான் பிடித்தது, ஒரு புழுகூட இல்லை. டெங்கு இங்கிருந்துதான் என்று மேடம் தெருவே கேட்க ஏசினார். கொசுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அய்யோ, அந்தத் தங்கச்சி என்னாலயா படுத்துக் கிடக்குது?" தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுடுங்கண்ணே."

"பரவாயில்ல" என்றார் கொசுக்காரர், பெருந்தன்மையாக.

அவர்கள் போனதும் தன் வீட்டுப் பின்பக்கம் வெயிலில், சிமெண்ட் தரையில் ஜாடியைக் கவிழ்த்தார். புழுக்கள் துள்ளின. போன் அடித்தது. மனைவி. குரல் நூலாய் வந்தது.

"நம்ம வீட்ல ஒண்ணும் கெடைக்கலையே? உங்களுக்கு அசிங்கமாயிடுமேன்னு அதே நெனப்பு."

"ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்ல."

"பாவம், அவரைத் திட்டாதீங்க." மூச்சு வாங்கினாள். "ஏங்க... ஜாடிக்கு ரொட்டித்தூள் போட்டீங்களா? நான் இல்லைன்னு பட்டினி போட்டுடாதீங்க."

துள்ளல் ஒவ்வொன்றாய் அடங்கிக்கொண்டிருந்தது.

"போட்டுட்டேன்" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரர் மக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.