ஜக்கில் மிச்சம்

எனக்குக் காபி என்றால் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். கருகும் பதத்துக்கு வறுத்த கொட்டை, தண்ணீர் கலக்காத பால், குவித்து இரண்டு கரண்டி சர்க்கரை. உதட்டைச் சுடாத எதையும் நான் காபி என்று ஒப்புக்கொண்டதில்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் நான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடி, அடுத்தவர் உயிரையும் என் உயிரையும் நாள் முழுக்கக் காப்பாற்றுகிற வேலை. அதற்குக் கிளம்புமுன் வயிற்றுக்குள் நெருப்பாக ஏதாவது இறங்க வேண்டாமா?

மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் பெட்டிகளில் துணி கொஞ்சம்தான். மீதியெல்லாம் காபிச் சாமான். நகைக்கடையில் இருப்பது மாதிரி ஒரு தராசு, கொக்குக் கழுத்து வைத்த கெட்டில், பீங்கான் கூம்பு, அதற்குள் மடித்து வைக்கக் காகித வடிகட்டி, கையால் சுற்றி அரைக்கிற ஒரு உருளை, வடிகிறதைப் பிடிக்கக் கண்ணாடி ஜக். சமையலறை மேடையில் என் பால் பாத்திரத்துக்கு ஒரு ஓரம்தான் மிஞ்சியது. முதல் வாரமே ஒரு கோப்பையை என்னிடம் நீட்டினாள்.

"ஒரே ஒரு வாய் அத்தை. எத்தியோப்பியாக் கொட்டை. லேசா வறுத்தது. பூ வாசனை வரும் பாருங்க."

நான் எப்போதும்போலச் சுடச்சுட ஒரு வாய் இழுத்தேன். நாக்கு வெந்தது. வேறொன்றும் தெரியவில்லை, தொண்டையில் ஒரு புளிப்பு மட்டும் நின்றது.

"புளிச்ச தண்ணிம்மா இது. இனிமே என் வாய்ல படாது."

சொல்லியாயிற்று. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் சொன்னால் சொன்னதுதான். என் மகன் இருக்கிறானே, லிஃப்ட் மெக்கானிக், கல்யாணத்துக்கு முன்னால் வரை என் காபியை உறிஞ்சிவிட்டு "அம்மா கைன்னா கைதான்" என்றவன், இப்போது அவள் கோப்பையை மூக்கடியில் பிடித்துக்கொண்டு "பீச் பழம் வருது" என்கிறான். பச்சோந்தி. அவனுக்குப் பீச் பழம் எந்த நிறம் என்றே தெரியாது.

ஒருநாள் காலை அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனபின் பாலைக் காய்ச்சினேன், திரிந்துவிட்டது. கடைக்கு ஓட நேரமில்லை. முதல் வகுப்பு ஒரு பேக்கரிக்காரருக்கு. பிரேக் என்று கத்தினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற மனிதர். வெறும் வயிற்றோடு அவர் பக்கத்தில் உட்கார முடியாது. மேடையில் கண்ணாடி ஜக் இருந்தது. அடியில் நாலு வாய் மிச்சம். மகன் பாதி குடித்துவிட்டு எப்போதும் இப்படித்தான் ஓடுவான். கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரி ஊற்றிக்கொண்டேன்.

ஆறிப்போன காபி. அதில் புளிப்பைத் தேடினேன், காணோம். ஆரஞ்சுத் தோலை நகத்தால் கிள்ளினால் ஒரு வாசனை அடிக்குமே, அது முதலில் வந்தது. விழுங்கியபின் நாக்கின் ஓரத்தில் ஓர் இனிப்பு. சர்க்கரையே போடாத பண்டத்தில் இனிப்பு எங்கிருந்து வருகிறது? ஜக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த கடைசித் துளியையும் விடவில்லை. இத்தனை வயதுக்கு மேல் நாக்குக்குப் புதிதாக ஒன்று கிடைக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? அன்று பேக்கரிக்காரர் பூந்தொட்டி மேல் ஏற்றியபோதுகூட நான் அவரைத் திட்டவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அவர்கள் கிளம்பியதும் கதவைச் சாத்துவேன், ஜக்கைக் காலி செய்வேன், பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவேன். எத்தியோப்பியா போய்ப் பிரேசில் வந்தது. அதில் கடலை வறுத்த வாசனை. எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. பிறகு கென்யா வந்தது. அதில் ஏதோ காட்டுப்பழம் இருந்தது. சந்தோஷம் தாங்காமல் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். சில நாள் ருசி மங்கலாக, கசந்து கிடக்கும். பொடியை ரொம்ப நைசாக அரைத்துவிட்டாள் என்று புரியும். சொல்லத்தான் முடியாது. ஒருநாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன, இன்னைக்கு ரொம்ப நைசா அரைச்சுட்டியா?"

"ஆமா அத்தை. எப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டுது."

பிழைத்தேன். ஆனால் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மற்ற யாரிடம் தோற்றாலும் பரவாயில்லை, இவளிடமா?

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் போட்டி வந்தது. எங்கள் பக்கத்தில் பெரிய வறுப்புக்கடை ஒன்று. அதன் முதலாளியம்மாவுக்கு, தினமும் காபியை ருசி பார்த்து எந்தக் கொட்டையை எவ்வளவு வறுப்பது என்று சொல்ல ஆள் வேண்டும். வீட்டில் காபி போடுகிறவர்களுக்குப் போட்டி வைத்து, ஜெயிப்பவருக்கு அந்த வேலை என்று அறிவித்துவிட்டார். மருமகள் இருப்பது இன்சூரன்ஸ் கம்பெனியின் போன் அறையில். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் வசவு வாங்குகிற வேலை. சாயங்காலம் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு யாரோடும் பேசமாட்டாள். இந்தப் போட்டி வந்தபிறகு சமையலறையில் கால் தரையில் படாமல் குதித்தாள். மூன்று பேர் கொண்ட கடைசிச் சுற்றுக்கும் வந்துவிட்டாள்.

மூன்று பேருக்கும் ஒரே மூட்டையிலிருந்து கென்யாக் கொட்டை கொடுத்தார்கள். ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பழகிக்கொள்ளலாம். கடைசியில் ஒரு விசித்திரமான விதி. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். அந்த ஆள் மூன்று கோப்பைகளையும் ருசித்து, தன் வீட்டுக் காபி எது என்று காட்ட வேண்டும். தவறினால், மார்க் எவ்வளவு வாங்கியிருந்தாலும் வெளியே. வீட்டு மனிதருக்கே அடையாளம் தெரியாத காபியைப் போடுகிறவர் ருசி பார்க்க லாயக்கில்லை என்பது அந்த அம்மாவின் கட்சி.

மகன்தான் போவதாக இருந்தது. போட்டி அன்று காலையில் எழுந்தான், மூக்கு அடைத்துப்போயிருந்தது. வெங்காயத்தை நறுக்கி மூக்கில் வைத்தோம். "ஒண்ணும் வாசனை வரலைம்மா" என்றான். மருமகள் கெட்டிலைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் என் பக்கம் திரும்பவேயில்லை. என்னைக் கேட்கலாம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னைச் சுருக்கென்று குத்தியது.

"நான் வர்றேன்" என்றேன்.

"நீங்களா? அத்தை, நீங்க குடிச்சதே இல்லையே."

"மூணுல ஒண்ணைக் காட்டணும். அவ்வளவுதானே? செருப்பைப் போடு."

வண்டியை நான் ஓட்டினேன். அவள் கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பாடம் நடத்தினாள்.

"நம்மளோடது சுத்தமா இருக்கும் அத்தை, நாக்குல பொடி தட்டாது. முதல்ல ஒரு பழப் புளிப்பு. அப்புறம்..."

"அப்புறம் தேன்" என்று சொல்ல வந்து, பல்லைக் கடித்துக்கொண்டேன். சிவப்பு விளக்கில் அவள் என் தோளைத் தொட்டாள்.

"தப்பா காட்டினாலும் பரவாயில்லை அத்தை. நீங்க வந்ததே பெரிசு."

பரவாயில்லை என்று சொல்லும் குரலா அது?

வறுப்புக்கடைக்குள் நுழைந்ததும் வாசனை ஆளைத் தூக்கியது. சுவரோரம் சாக்கு மூட்டைகள், நடுவில் வயிறு பெருத்த வறுக்கும் இயந்திரம். ஒரு வேதியியல் வாத்தியார், கீழ்க்குடுவையில் கொதிக்கும் தண்ணீர் தானாக மேல்குடுவைக்கு ஏறும் சைபன் என்ற சாமானோடு வந்திருந்தார். ஒரு பல் டாக்டர், பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து மேலிருந்து அமுக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸோடு. மருமகள் கூம்பை வைத்தாள். வீட்டில் வாயாடுகிறவள், அங்கே தண்ணீர் ஊற்றும்போது மூச்சுக்கூட விட்டதாகத் தெரியவில்லை. மெல்லிய கம்பி மாதிரி தண்ணீர் வளைந்து வளைந்து இறங்கியது. பொடி பொங்கி எழுந்து அடங்கியது. இதை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. யாரிடம் சொல்வது?

முதலாளியம்மா ருசி பார்த்துப் போட்ட மார்க்கில் மருமகள்தான் முதல். வாத்தியார் ஒரு மயிரிழை பின்னால். அடுத்தது எங்கள் வேலை. வாத்தியாரின் மனைவி, பல் டாக்டரின் அண்ணன், நான், மூன்று பேரும் ஒரு நீள மேசையில் உட்கார்ந்தோம். ஒவ்வொருவர் முன்னும் மூன்று கறுப்புக் கோப்பைகள், அடியில் போட்டவர் பெயரை ஒட்டி, வரிசை மாற்றி வைத்திருந்தார்கள். எதிர்ச்சுவரோரம் போட்டியாளர்கள் வாய் திறக்காமல் நிற்க வேண்டும்.

பல் டாக்டரின் அண்ணன் நாக்கில் பொடி தட்டியதுமே ஒன்றைத் தூக்கிக் காட்டினார். சரி. பிரஸ் காபியில் வண்டல் இருக்கும் என்பதால் அவருக்குச் சுலபம். வாத்தியாரின் மனைவி ஊதி ஊதி அவசரமாகக் குடித்து ஒன்றைக் காட்டினார். அது என் மருமகளுடையது என்று கோப்பையின் அடியைப் பார்த்துச் சொன்னார்கள். அந்த அம்மா தன் கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

நான் மூன்றையும் ஒவ்வொரு வாய் எடுத்தேன். ஒன்றில் பொடி. தள்ளி வைத்தேன். மற்ற இரண்டும் சூடு, சூடு, வெறும் சூடு. அன்று முதல் வாரம் குடித்த அதே புளிச்ச தண்ணீர், இரட்டையாக. எனக்கு வேர்த்தது. இந்தக் காபியை எனக்கு ஜக்கின் அடியில், ஆறிக் கிடக்கும்போதுதான் தெரியும். கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

"என்னம்மா, எது?" என்றார் முதலாளியம்மா.

"ஆறட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"நல்லா ஆறட்டும். விதியில சூடாத்தான் குடிக்கணும்னு இருக்கா?"

அவர் புருவத்தை உயர்த்தினார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டம் முணுமுணுத்தது. யாரோ பின்னால் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் முதலில் குழப்பம். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு குடிக்கிற அத்தை எதற்குக் காபியை ஆறவைக்கிறாள்? அவள் கண் என் கோப்பைக்கும் என் முகத்துக்கும் போய்ப் போய் வந்தது. சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இனி எந்தப் பிரேக்கை மிதித்தும் பயனில்லை.

கோப்பையின் வெளிப்புறம் கையில் குளிர்ந்ததும் எடுத்தேன். முதலாவதில் பழம் இருந்தது, ஆனால் பின்னால் ஏதோ மரக்கட்டை மாதிரி வறண்டு நின்றது. இரண்டாவதில் காட்டுப்பழம் பளிச்சென்று வந்தது, விலகியது, நாக்கின் ஓரத்தில் தேன் வந்து உட்கார்ந்தது. என் சமையலறை, என் சாத்திய கதவு, என் கண்ணாடி ஜக். உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோப்பையை மேசையில் தட்டி வைத்தேன்.

"இது."

அடியைத் திருப்பினார்கள். மருமகளுடையதுதான். அவள் துள்ளியதில் பக்கத்தில் நின்ற வாத்தியாரின் குடுவை ஆடியது.

"கொஞ்சம் இருங்க" என்றார் முதலாளியம்மா. "கண்ணை மூடித் தொட்டாலும் மூணுல ஒரு தடவை சரியா வரும். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு காரணம் சொல்லணும்."

"என் மருமக கை எனக்குத் தெரியாதா?"

"அந்தக் கதையெல்லாம் வேணாம். காரணம்."

அறையே என்னைப் பார்த்தது. சொல்லாவிட்டால் அவள் மறுபடி அந்தப் போன் அறைக்குத்தான் போக வேண்டும். மருமகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்ல எனக்கு இது ஆறித்தான் கிடைக்கும்" என்றேன். "இது என் வாய்ல படாதுன்னு ஒருநாள் சொல்லிட்டேன். அதனால இவ வேலைக்குப் போனப்புறம், ஜக்குல இருக்கிற மிச்சத்தைத் தினமும் திருட்டுத்தனமா குடிக்கிறேன். சூட்டுல இது வாயைத் திறக்காது. ஆறினா முதல்ல பழம், அப்புறம் தேன். இவ அரைப்பு சரியா இருந்தா கசப்பே வராது. இன்னைக்கு வரலை. எனக்கு இந்தக் காபி ரொம்பப் பிடிக்கும். போதுமா?"

"போதும்" என்றார் முதலாளியம்மா. அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்ததாக அந்தக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பிறகு சொன்னாள்.

மருமகள் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"அத்தைக்கு என் காபிதான் பிடிக்கலை, ஆனா நான் வர்றதுக்குள்ள ஜக்கை எவ்வளவு பாசமா கழுவி வைக்கிறாங்கன்னு தினமும் உங்க பையன்கிட்ட சொல்லுவேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் தோளில் முகத்தை வைத்து மறைத்துக்கொண்டேன். கண்ணும் கொஞ்சம் ஈரம்தான், அதை மறைக்க வேறு வழியில்லை.

மறுநாள் காலை அவள் போன் அறைக்குப் போய் வேலையை விடுவதாகச் சொல்ல வேண்டும். கிளம்புமுன் மேடையில் ஒரு கோப்பையை எனக்கென்று வைத்தாள். ஆவி பறந்தது.

"அப்படியே வை. நீ கிளம்பு, நேரமாச்சு" என்றேன்.

அவள் கைப்பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். தன் கோப்பையையும் என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இரண்டும் ஆறுகிற வரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.